தமிழ் நிருபர் வெளிநாட்டில் முதுகலை படிக்க: உதவித்தொகைக்கு முன் சேர்க்க வேண்டிய காகிதங்கள்

வெளிநாட்டில் இதழியல் முதுகலை படிக்க முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகைகள் சில உண்டு. தமிழில் மட்டுமே செய்தி எழுதியவர்களும் அவற்றுக்குத் தகுதி உள்ளவர்கள்தான். ஆனாலும் மாவட்டத்தில் பல வருடம் களத்தில் நின்ற நிருபர்கள் விண்ணப்பப் படிவத்தின் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். வேலை பார்த்ததற்குக் கடிதம் இருக்காது. செய்தியில் பெயர் இருக்காது. பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (படித்த எல்லாப் பாடங்களின் மதிப்பெண்ணையும் தொகுத்துத் தரும் சான்று) வருவதற்குள் கடைசித் தேதி போயிருக்கும். ஒரு வருடம் முன்னதாகத் தொடங்கினால் இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். ஆகவே எந்த உதவித்தொகை என்பதோடு, எந்தக் காகிதத்தை எப்போது தேட வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பத்திரிகையாளர்களுக்கான ஃபெலோஷிப் எல்லாமே பட்டப்படிப்பு ஆகிவிடாது. ஹார்வர்டில் 1938 முதல் நடக்கும் நீமன் ஃபெலோஷிப், ஆக்ஸ்ஃபோர்டில் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் தரும் ஃபெலோஷிப், வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் தெற்காசியப் பத்திரிகையாளர்களுக்கென நடக்கும் செவனிங் குறுகிய காலப் பயிற்சி ஆகிய எதுவும் எம்.ஏ. பட்டம் தராது. பல வருட அனுபவம் உள்ளவர்களுக்கு அவை மிக நல்ல வாய்ப்புகள். பின்னாளில் கல்லூரியில் கற்பிக்க வேண்டும், பட்டம் தேவை என்பவர்கள் மட்டும் இனி வருவதைப் படித்தால் போதும்.

இந்தியா, இலங்கை இரண்டு நாட்டவருக்கும் முதலில் பார்க்க வேண்டியது செவனிங் உதவித்தொகை. பிரிட்டிஷ் அரசின் பணம், 1983-இல் தொடங்கியது. பிரிட்டனில் ஒரு வருட முதுகலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம், மாதச் செலவுத் தொகை, போக வர விமானக் கட்டணம், விசாக் கட்டணம், போய் இறங்கியதும் ஒரு தொகை எல்லாம் தருகிறார்கள். குடும்பத்தை அழைத்துப் போனால் அந்தச் செலவு நம்முடையது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடமாவது இருக்க வேண்டும். அதே நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக் கணக்கு இப்படி ஓடும். ஆகஸ்டில் விண்ணப்பம் திறக்கும், அக்டோபர் முதல் வாரத்தில் மூடிவிடும். பிப்ரவரி வாக்கில் நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் பட்டியல் வரும். வசந்த காலத்தில் நேர்காணல், ஜூன் வாக்கில் முடிவு, செப்டம்பரில் வகுப்பு. ஜூலைக்குள் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திடமிருந்து நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் கையில் இருக்க வேண்டும். உதவித்தொகைக்கு ஒரு விண்ணப்பம், பல்கலைக்கழகத்துக்கு வேறு விண்ணப்பம். செவனிங் படிவத்தில் மூன்று படிப்புகளைக் குறிப்பிட்டுவிட்டால் பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பித்தது போலத்தான் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள் மே மாதத்தில்தான் விழித்துக்கொள்கிறார்கள். அதற்குள் பல இதழியல் துறைகளில் இடம் நிரம்பிவிடும். நவம்பர், டிசம்பரிலேயே மூன்று இடங்களுக்கும் போட்டுவிடுவது நல்லது. முன்பணம் கட்டச் சொன்னால் உடனே கட்டிவிடாதீர்கள். "செவனிங் முடிவுக்காகக் காத்திருக்கிறேன்" என்று சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி அவகாசம் கேளுங்கள். அவர்களுக்கு இது வழக்கமான கோரிக்கைதான்.

செவனிங் கேட்கும் வேலை அனுபவம் இரண்டு வருடம். அதை மணிக்கணக்கில் கேட்கிறார்கள்: 2,800 மணி நேரம். வாரத்துக்கு 35 மணி, வருடத்துக்கு 40 வாரம் என்று வைத்தால் ஒரு வருடத்துக்கு 1,400. முழுநேர நிருபருக்கு இதில் சிக்கல் இல்லை. பட்டம் வாங்கிய பிறகு செய்த வேலையை மட்டும் வைத்து 2,800 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கேள்விக்கே இடமில்லை.

சிக்கல் பகுதிநேர நிருபர்களுக்கு. தாலுகா நிருபர் என்று அடையாள அட்டை இருக்கும். நியமனக் கடிதம் இருக்காது. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று பணம் வரும். சம்பளச் சீட்டு கிடையாது. இவர்கள் மூன்று விதமான ஆதாரங்களைச் சேர்க்கலாம். ஒன்று, பத்திரிகையிலிருந்து வங்கிக் கணக்குக்கு வந்த தொகைகள் தெரியும் ஸ்டேட்மென்ட். இரண்டு, பணம் தரும்போதே வரி (டிடிஎஸ்) பிடித்திருந்தால் வருமான வரி இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரோடு தெரியும் பதிவு. மூன்று, லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம்: எந்த மாதம் எந்த வருடம் முதல், எந்தப் பகுதிக்கு, வாரத்துக்கு ஏறத்தாழ எத்தனை மணி நேரம். கடிதம் கேட்கும்போது "சர்வீஸ் சர்டிஃபிகேட்" என்று கேட்டால், நாளைக்கு பி.எஃப். கேட்டு வந்துவிடுவார்களோ என்று நிர்வாகம் பயந்து மறுத்துவிடும். மேற்படிப்பு விண்ணப்பத்துக்கு, இன்ன தேதி முதல் செய்தி அளித்து வருகிறார் என்று இரண்டு வரி போதும் என்று கேளுங்கள். மறுப்பதற்குக் காரணம் குறைந்துவிடும்.

அடுத்து பைலைன், அதாவது செய்தியோடு வரும் எழுதியவர் பெயர். தமிழ் நாளிதழ்களில் பாதிச் செய்திகள் "நமது நிருபர்" என்றே வருகின்றன. பல மாதம் அலைந்து எழுதிய தொடரில்கூடப் பெயர் இருக்காது. இதழியல் துறைகள் வெளியான படைப்புகளைக் கேட்கும்போது இது பெரிய இடைஞ்சல். பெயர் இல்லாத செய்தியைச் சேர்க்கவே கூடாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பக்கத்தின் பிடிஎஃப், தேதி, பதிப்பு, பக்க எண் நான்கையும் ஒரு தாளில் குறித்து, "இவை இவரால் எழுதப்பட்டவை" என்று செய்தி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் வேறு நிறுவனத்துக்கு மாறும் முன் வாங்குங்கள். இ-பேப்பர் இணைப்புகளை நம்பி இருக்க வேண்டாம். கொஞ்ச நாளில் திறக்காமல் போகும். இணையதளத்தில் வந்த கட்டுரை என்றால் ஆர்க்கைவ் தளத்தின் வேபேக் மெஷினில் சேமித்து அந்த இணைப்பையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் நேரம் வீணாக வேண்டாம். முழுக் கட்டுரையையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தாலும் படிப்பவருக்கு நேரம் இருக்காது. பல்கலைக்கழகம் முழு மொழிபெயர்ப்பைத்தான் கேட்கிறது என்றால் ஒழிய, ஒவ்வொரு செய்திக்கும் ஆங்கிலத்தில் 150 சொல் போதும். என்ன கேள்வியோடு போனீர்கள், எந்த ஆவணத்தை எப்படி எடுத்தீர்கள், யார் மறுத்தார்கள், செய்தி வந்த பின் என்ன நடந்தது. "குடிநீர்ப் பிரச்சினை பற்றிய சிறப்புக் கட்டுரை" என்று எழுதினால் எதுவும் தெரியாது. "ஊராட்சியின் எம்-புக் (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேடு) பதிவில் காட்டிய குழாய் நீளத்தையும் தெருவில் அளந்த நீளத்தையும் ஒப்பிட்ட செய்தி" என்று எழுதினால், எழுதியவர் எப்படிப்பட்ட நிருபர் என்று முன்பின் தெரியாதவருக்கும் புரிந்துவிடும். தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை ஆங்கில சப்டைட்டிலோடு வைத்தால் போதும்.

பெயர்க் குழப்பத்தையும் இப்போதே தீர்க்க வேண்டும். பட்டச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அது விரிந்து அப்பா பெயராக நிற்கும், பத்திரிகையில் புனைபெயர். பல்கலைக்கழகம், ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் தேர்வு, விசா எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் போகட்டும். சான்றிதழில் உள்ளவரும் பாஸ்போர்ட்டில் உள்ளவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வையுங்கள். புனைபெயரைச் செய்தி ஆசிரியரின் கடிதத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டும் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் ஒன்றில்லை. தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் தனியாகக் கட்டணம் கட்டி வாங்க வேண்டியது அது. வாரக்கணக்கில் ஆகும், கோடை விடுமுறையில் இன்னும் இழுக்கும். தொலைநிலைக் கல்வியில் பட்டம் பெற்றவர்கள் தமிழ் ஊடகத்தில் நிறைய. சில பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே சான்றிதழை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்து வடிவில் பதில் வாங்கிவிடுங்கள். செவனிங் படிவத்தில் குறிப்பிடும் மூன்று படிப்புகளில் ஒன்றை வீணாக்காமல் தப்பலாம்.

எந்தப் படிப்பு என்பதில் பலர் பல்கலைக்கழகத் தரவரிசையைப் பார்க்கிறார்கள். இதழியலுக்கு அது போதாது. பிரிட்டனில் பத்திரிகையாளர் பயிற்சிக்கான அமைப்பான என்சிடிஜேயின் அங்கீகாரம் பெற்ற படிப்புகள் அந்த நாட்டுச் செய்தி அறைகளுக்கு ஆள் தயாரிப்பவை. பிரிட்டிஷ் ஊடகச் சட்டம், அவர்களுடைய உள்ளாட்சி அமைப்பு, சுருக்கெழுத்து என்றெல்லாம் போகும். திரும்பி வந்து மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வேலை பார்ப்பவருக்கு அதில் பாதி பயன்படாது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் மீடியா அண்ட் கம்யூனிகேஷன்ஸ் போன்றவை கோட்பாட்டுப் படிப்புகள். ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் போகிறவர்களுக்கு உகந்தவை, கேமராவைத் தொட வேண்டிய தேவையே வராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பவை கார்டிஃப், லண்டன் சிட்டி போன்ற இடங்களின் இன்டர்நேஷனல் ஜர்னலிசம், ஷெஃபீல்டின் குளோபல் ஜர்னலிசம் போன்றவை. வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களை மனதில் வைத்தே இவை அமைந்தவை. சிட்டியில் புலனாய்வு இதழியலுக்கென்றே தனி எம்.ஏ. உண்டு. தரவு இதழியல் வேண்டும் என்றால் பாடப் பட்டியலில் எந்த மென்பொருள், எத்தனை கிரெடிட் என்று பாருங்கள். சில இடங்களில் அது வெறும் ஒரு விருப்பப் பாடம்.

படிவத்தில் குறிப்பிடும் மூன்று படிப்புகளும் ஒரே திசையில் இருக்கட்டும். ஒன்று புலனாய்வு, ஒன்று மக்கள் தொடர்பு, ஒன்று சர்வதேச அரசியல் என்று கலந்து வைத்தால், எதற்குப் போகிறோம் என்று இவருக்கே தெரியவில்லை என்று படிப்பவர் முடிவுகட்டிவிடுவார்.

செவனிங் கேட்கும் சிறு கட்டுரைகள் நான்கு: தலைமைப் பண்பு, தொடர்புகளை வளர்த்துப் பயன்படுத்துவது, ஏன் இந்தப் படிப்பு, திரும்பிய பின் என்ன செய்வீர்கள். ஒவ்வொன்றும் சில நூறு சொற்களுக்குள். நிருபர்கள் இங்கே ஒரே விதமாகச் சறுக்குகிறார்கள். பத்திரிகையில் நாம் நம்மைப் பற்றி எழுதுவதில்லை. பழக்கதோஷத்தில் இங்கேயும் ஊர்ப் பிரச்சினையை எழுதிவிட்டுத் தன்னை மறைத்துவிடுகிறோம். விவசாயிகள் துயரம் முக்கால் பக்கம், விண்ணப்பதாரர் கடைசி வரியில். மதிப்பெண் அந்தக் கடைசி வரிக்குத்தான்.

தலைமை என்றால் பதவி என்று எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். "என் கீழ் ஐந்து நிருபர்கள் வேலை செய்கிறார்கள்" என்பதில் எதுவும் இல்லை. ஒரு மாதிரிக்கு இப்படி யோசியுங்கள்: மாவட்டத்தில் நான்கு பத்திரிகைகளின் நிருபர்கள் ஒரே குவாரி உரிமம் பற்றித் தனித்தனியாக ஆர்டிஐ போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மற்ற மூவரிடமும் பேசி, தாலுகாவுக்கு ஒருவர் என்று பிரித்து, ஆளுக்குப் பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பம் போடச் செய்கிறார். 30 நாளில் பதில் வராத இடத்தில் மேல்முறையீட்டை யார் எழுதுவது என்பதையும் முடிவு செய்கிறார். நான்கு பத்திரிகைகளிலும் ஒரே நாளில் செய்தி வருகிறது. அவர் யாருக்கும் மேலதிகாரி இல்லை. போட்டியாளர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதை நான்கு வரியில் சொன்னால் அதுதான் தலைமைக் கட்டுரை. இப்படி ஒன்று நம் எல்லோரிடமும் இருக்கும். பெரிதாகத் தோன்றாததால் விட்டுவிடுகிறோம்.

தொடர்புகள் பற்றிய கட்டுரையில் தெரிந்த அமைச்சர்கள், அதிகாரிகள் பெயரை அடுக்க வேண்டாம். ஒரே ஒரு தொடர்பு எப்படி உருவானது, அதனால் என்ன நடந்தது, பதிலுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். எதிர்காலத் திட்டத்தில் "ஊடகத்தில் மாற்றம் கொண்டுவருவேன்" என்பது வெற்று வரி. முதல் வருடம் எங்கே, என்ன பதவியில், எந்த மாதிரிச் செய்தி. ஐந்தாவது வருடம் யாருக்குப் பயிற்சி. இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதற்கு எப்படி உதவும். பாடத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள். ஏஐ எழுதிய கட்டுரைகளை நிராகரிக்கிறார்கள். அது இல்லாவிட்டாலும், அப்படி எழுதியதில் குவாரியும் தாலுகாவும் வராது, வழவழப்புத்தான் வரும். தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு நீங்களே ஆங்கிலத்தில் எழுதுங்கள். இலக்கணத்தை நண்பர் ஒருவர் பார்த்தால் போதும், வாக்கியம் எளிமையாக இருப்பதில் குறையே இல்லை.

பரிந்துரைக் கடிதம் இரண்டு. நேர்காணலுக்குத் தேர்வானவர்கள் மட்டும் தர வேண்டும். "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்றுதான் பெரும்பாலான ஆசிரியர்கள் சொல்வார்கள். இரண்டு கடிதத்தையும் ஒரே கை எழுதினால் படிப்பவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். தேதிகள், முக்கியச் செய்திகள், அவரோடு சேர்ந்து செய்த வேலை எல்லாவற்றையும் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுத்து, அவரைப் பேசவிட்டு, அலுவலகத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கடிதம் அவர் குரலில் இருக்கும்.

ஆங்கிலத் தேர்வைச் செவனிங் தனியாகக் கேட்பதில்லை, பல்கலைக்கழகம் கேட்கும். மற்ற துறைகள் ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5 கேட்கும் இடத்தில் இதழியல் துறைகள் பெரும்பாலும் 7 முதல் 7.5 வரை கேட்கும், எழுதும் பகுதிக்குத் தனியாகவும் அளவு வைத்திருக்கும். தமிழ் நிருபர்கள் பேசுவதில் தேறிவிடுவார்கள். எழுதும் பகுதியில் 6.5-இல் நிற்பது சகஜம். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். ஆகவே உதவித்தொகை முடிவுக்குக் காத்திராமல், இரண்டாவது முறை எழுத நேரம் இருக்கும்படி டிசம்பருக்குள் முதல் தேர்வை எழுதிவிடுங்கள்.

அமெரிக்கா என்றால் இந்தியர்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஃபெலோஷிப். அதன் துறைப் பட்டியலில் இதழியலும் உண்டு. பட்டத்தில் குறைந்தது 55 சதவீதம், சம்பளத்தோடு முழுநேர வேலை மூன்று வருடம். நம்மில் பலர் கவனிக்காத விதி: இந்திய மூன்று வருடப் பட்டம் மட்டும் போதாது, அதற்கு மேல் ஒரு முதுகலைப் பட்டமோ முழுநேர முதுகலை டிப்ளமோவோ வேண்டும். பி.ஏ. முடித்து நேரே பத்திரிகைக்குப் போனவர்கள் இங்கே தடைபடுவார்கள். வழக்கமாக மே மாதத்தில் விண்ணப்பம் மூடும், படிப்பு அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில். ஜே-1 என்னும் பரிமாற்றத் திட்ட விசாவில் போவதால், முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்த பிறகே எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ பெற முடியும். அமெரிக்க அரசின் நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்தது என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே இறங்குங்கள். இலங்கையர்களுக்குக் கொழும்பில் தனி ஃபுல்பிரைட் ஆணைக்குழு உண்டு, விதிகளும் தனி.

ஐரோப்பாவில், பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் ஜர்னலிசம் என்னும் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் முதல் வருடம். ஆம்ஸ்டர்டாம், பிராக் போன்ற பங்காளிப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாவது வருடம். விண்ணப்பம் ஜனவரி முதற்பாதியில் மூடும். உதவித்தொகை கிடைத்தால் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, 24 மாதம் வரை. விமான டிக்கெட், விசா, வீட்டு முன்பணம் எல்லாம் அதற்குள்ளேயே. தனியாகத் தர மாட்டார்கள். முதல் மாதத் தொகை அங்கே வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரும் என்பதால் இரண்டு மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆய்வு முறைகளும் ஆய்வேடும் முதன்மையான படிப்பு இது; வீடியோ எடிட்டிங் கற்கப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். சேர்க்கை கிடைப்பதும் உதவித்தொகை கிடைப்பதும் வேறு வேறு. கடிதத்தில் எது இருக்கிறது என்று இரண்டு முறை படியுங்கள்.

பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே தரும் சில ஆயிரம் பவுண்டு சலுகைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "உங்களுக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது" என்று கடிதம் வரும். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல இடங்களில் 25,000 பவுண்டைத் தாண்டும்போது, மீதியை வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். தமிழ்ப் பத்திரிகைச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியாது; அந்தப் பாதைக்குப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 1892-இல் தொடங்கிய ஜே.என். டாட்டா எண்டோமென்ட்டும் நல்ல அமைப்புத்தான். ஆனால் அது தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டும். முழு உதவித்தொகைக்கு மேல் விழும் சிறு இடைவெளியை நிரப்ப மட்டும் அதை நினைத்துப் பாருங்கள்.

செவனிங்கில் முதல் முறை கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆகஸ்டில் மறுபடியும் போடலாம். கட்டுரைகளை அப்படியே நகல் எடுக்காமல், இடைப்பட்ட வருடத்தில் நடந்த ஒரு வேலையை உள்ளே கொண்டுவாருங்கள். கடிதங்கள், பிடிஎஃப்கள், டிரான்ஸ்கிரிப்ட் எல்லாம் அடுத்த முறைக்கும் ஆகும். ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் காலாவதி ஆகும் தேதியையும், பாஸ்போர்ட் முடியும் தேதியையும் அதே கோப்பின் மேல் எழுதி வையுங்கள். தேர்வானவர்கள் ஜூன் முடிவு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது விசாவுக்கான காசநோய்ப் பரிசோதனைக்கு முன்பதிவு. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் அது கட்டாயம். அங்கீகரித்த மருத்துவமனைகளில் மட்டுமே எடுக்க முடியும். ஜூலை, ஆகஸ்டில் மாணவர் கூட்டத்தில் தேதி கிடைப்பது கஷ்டம்.